ஐந்து நிலங்களுக்கு ஓர் ஆற்றுப்படை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஆற்றுப்படை. பத்துப்பாட்டிலே சரிபாதி ஆற்றுப்படை என்பது நேயர்கள் அறிந்ததே. திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் அவை. திருமுருகாற்றுப்படை இறையருளுக்கு வழிகாட்டுவது. ஏனைய நான்கும் உலகியல் சார்ந்தவை. வள்ளல் ஒருவனிடம் போய்ப் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனைக் கண்டு, நான் போன வழி இது, நீயும் போ, இன்ன இடத்தில் இன்னது உண்ணக் கிடைக்கும், இன்ன இடத்தில் கவனமாக நட என்று சொல்லி அனுப்புவதே அவற்றின் அமைப்பு. தொல்காப்பியர் புறத்திணையியலிலே இதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறார்.

உயர்தர வகுப்பிலே இதனைக் கற்பிக்கும்போது, "சேர், யாழோடு நடந்துபோன பாணனின் வழி எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவராவது இருப்பார். அந்தக் கேள்விக்குச் சென்ற சில மாதங்களாக நான் சொல்லிவரும் விடையே இவ்வுரை. என்னுடைய அக்காவின் மகன், என் மருமகன், பாரிஸ் நகரத்தின் புறநகர் ஒன்றிலே வாழ்கிறார். உணவகமொன்றின் சமையலறையில் வேலை. மனைவி, ஆறு வயது மகள், இரண்டரை வயது மகன், இங்கிருந்து போய் அவர்களோடு தங்கியிருக்கும் என் அக்கா என ஐந்து பேர் கொண்ட குடும்பம். சென்ற நவம்பரில் அவர் தொலைபேசியில் என்னிடம் சொன்னார்: "மாமா, பிள்ளையின்ரை வகுப்பிலை எல்லாரும் டிஸ்னிலாண்ட் போட்டு வந்திட்டினமாம். லீவு முடிஞ்சு போனால் எங்கை போனனீங்கள் எண்டு ரீச்சர் கேப்பாவாம். இவ ஒண்டும் சொல்லாமல் இருந்திட்டு வாறாவாம்."

வகுப்பறையில் விடை தெரியாமல் இருக்கும் பிள்ளையையும், சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கும் பிள்ளையையும் இருபது வருடமாகப் பார்த்துவருகிறேன். இரண்டாவது பிள்ளையின் மௌனம் வேறு. ஆகவே அக்கா, "அந்தக் காசுக்கு ஊரிலை மதிலைக் கட்டி முடிக்கலாம்" என்று பின்னாலிருந்து சொன்னதும் என் காதில் விழுந்ததாயினும், நான் மருமகனின் பக்கமே நின்றேன்.

அவர்கள் போக எண்ணிய இடம் பாரிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தூரத்திலே இருக்கிறது. 1992 ஏப்ரல் 12 ஆம் திகதி யூரோ டிஸ்னி என்ற பெயரிலே திறக்கப்பட்டுப் பின்னர் டிஸ்னிலாண்ட் பாரிஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2002 இல் அதன் அருகே இரண்டாவது பூங்காவும் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களை ஆங்கிலத்தில் தீம் பார்க் என்பர். தமிழிலே கருப்பொருட் பூங்கா என்று எழுதுவோரும் உளர். சொல்லுக்குச் சொல் பெயர்த்த பெயர் என்று இதனை நான் முதலில் மதிக்கவில்லை. ஆனால் மருமகன் அனுப்பிய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, பெயர்த்தவர் அறிந்தோ அறியாமலோ மிகப் பொருத்தமான சொல்லையே எடுத்திருக்கிறார் என்பது புலனாயிற்று.

அந்த முதலாவது பூங்கா ஐந்து நிலங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. வாயிலால் நுழைந்ததும் பழைய அமெரிக்கச் சிற்றூரொன்றின் கடைத்தெரு. அதைக் கடந்தால் ஒருபுறம் செம்பாறையும் வறண்ட மண்ணும் கொண்ட எல்லைப்புற நிலம். அடுத்தது காடும் கடற்கொள்ளையர் கோட்டையுமான சாகச நிலம். மாளிகைக்குப் பின்னால் சிறுவர் கதைகளின் கற்பனை நிலம். மறுபுறம் ஜூல்ஸ் வேர்ணின் நாவல்களை அடியொற்றி அமைத்த கண்டுபிடிப்பு நிலம். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கேயுரிய மரஞ்செடி, அதற்கேயுரிய இசை, அதற்கேயுரிய உணவு, தொழிலாளரின் உடை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று நிலந்தோறும் கருப்பொருள் வகுத்த மரபிலே வந்தவர்களுக்கு இதைவிட விளங்கக்கூடிய இடம் வேறுண்டா? குறிஞ்சிப் பறை முல்லையில் ஒலித்தால் திணைமயக்கம் என்கிறோமல்லவா? அங்கேயும் ஒரு நிலத்து ஊழியர் தம் உடையோடு அடுத்த நிலத்தில் நடமாடுதல் கூடாதென்பது டிஸ்னி பூங்காக்களில் பேணப்பட்டு வந்த வழக்கம். ஒப்புமையை அளவுக்கு மிஞ்சி இழுக்க நான் விரும்பவில்லை. ஐந்திணை மக்கள் வாழ்ந்த நிலம். இது காசு கொடுத்து ஒருநாள் வாழும் நிலம். அந்த வேறுபாடு சிறியதன்று.

இத்தகைய பூங்காவின் தோற்றம் பற்றி வால்ட் டிஸ்னி தாமே சொன்ன செய்தியொன்று உண்டு. தம் பெண்பிள்ளைகளை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டு, தாம் வாங்கில் அமர்ந்து கச்சான் கொறித்துக்கொண்டிருந்தாராம். பிள்ளைகள் மட்டும் விளையாட, பெற்றோர் காத்திருக்கும் நிலை மாறி, இருவரும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் அப்போது பிறந்ததாம். 1955 ஜூலை 17 இல் கலிபோர்னியாவில் முதலாவது டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது. அந்தப் பூங்கா பல ஆண்டுகளாக, சனம் குறைந்த காலங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் பூட்டியே கிடந்தது என்பதும் இங்கு கவனிக்கத்தக்கது. அந்த வழக்கம் 1985 வரை இருந்தது. ஆளில்லாக் காலம் என்பது இத்தொழிலோடு கூடப்பிறந்ததொன்று.

அந்த ஆளில்லாக் காலத்தைத்தான் நாங்கள் தேடினோம். ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போய் அறையும் கிடைக்காமல் வாகன நெரிசலில் நின்று திரும்பியவர்களுக்கும், மே மாதத்தில் அதே ஊரை அமைதியாகக் கண்டவர்களுக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை. பாரிஸ் பூங்காவின் நுழைவுச்சீட்டு விலை நாளுக்கு நாள் வேறுபடும். ஒரே வாயில், ஒரே விளையாட்டு, ஆனால் ஓகஸ்ட் சனிக்கிழமைக்கு ஒரு விலை, ஜனவரிச் செவ்வாய்க்கு இன்னொரு விலை. மணித்தியாலக் கணக்கில் கூலி வாங்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடே போவதா, விடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆனால் எந்தக் காலம் ஆளில்லாக் காலம்? குளிர்காலமெல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைப்பது ஏமாற்றத்தில் முடியும். நவம்பர் நடுப்பகுதியிலேயே நத்தார் அலங்காரம் தொடங்கிவிடுகிறது. வார இறுதிகளில் சனம் நெருக்கும். நத்தாரிலிருந்து புத்தாண்டு கழியும்வரை சொல்லவே வேண்டாம். பெப்ரவரியைப் பார்த்தால் குளிர், மழை, வெறுமை என்று தோன்றும். அங்கேதான் பொறி. பிரான்ஸ் நாட்டுப் பாடசாலைகள் ஏ, பி, சி என மூன்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, குளிர்கால விடுமுறை வலயத்துக்கு இரண்டு கிழமையாக முறைவைத்து விடப்படுகிறது. ஆகவே பெப்ரவரி தொடங்கி மார்ச் முற்பகுதிவரை ஏதோவொரு வலயத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் விடுமுறைதான். பாரிஸ் பகுதி சி வலயத்தைச் சேர்ந்தது. தங்கள் பிள்ளைக்குப் பள்ளி நடக்கிறது என்பதால் பூங்கா வெறுமையாக இருக்கும் என்று எண்ணிப் போகிறவர், நாட்டின் மற்றப் பாதியை வாயிலில் சந்திப்பார்.

நாட்காட்டியை வைத்துக் கழித்துக் கழித்துப் பார்த்தபோது, ஜனவரி இரண்டாம் வாரம் முதல் மாத முடிவுவரை எஞ்சியது. அதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அங்கே கட்டணமில்லை. மூன்றிலிருந்து பதினொன்றுவரை சிறுவர் கட்டணம். மருமகனின் மகனுக்குப் பெப்ரவரியில் மூன்று வயது நிறைகிறது. ஒரு சீட்டின் விலை மிச்சம்.

இனி நாள். மருமகனுக்கு ஓய்வுநாள் செவ்வாய். செவ்வாயன்று பூங்காவில் சனமும் குறைவு. ஆனால் மகளுக்குச் செவ்வாயன்று பள்ளி. "ஒரு நாள்தானே மாமா, வருத்தம் எண்டு சொல்லுவம்" என்றார் மருமகன். ஆசிரியனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது?

இங்கே சற்று விலகி, இங்கிலாந்திலே நடந்த ஒரு வழக்கைச் சொல்ல விரும்புகிறேன். மொழி கற்பிப்போருக்கு அது சுவையான வழக்கு. 2015 ஏப்ரலில் ஜோன் பிளாட் என்பவர் தம் மகளைப் பாடசாலை நடக்கும் காலத்திலே புளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துச் சென்றார். தலைமையாசிரியர் விடுப்புக் கொடுக்கவில்லை. உள்ளூராட்சி மன்றம் 60 பவுண் தண்டம் விதித்தது. கட்டவில்லை. 120 ஆயிற்று. அதையும் கட்டாமல் நீதிமன்றம் சென்றார். 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பிள்ளை பாடசாலைக்கு 'ஒழுங்காக'ச் செல்ல வேண்டும் என்கிறது. என் மகளின் வரவு தொண்ணூறு வீதத்துக்கு மேல், ஆகவே அவள் ஒழுங்காகத்தான் சென்றாள் என்பது அவருடைய வாதம். கீழ் நீதிமன்றமும், 2016 இல் மேல் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாற்றித் தீர்ப்பளித்தது. அந்தச் சொல்லுக்குச் சீரான இடைவெளியில் என்று ஒரு பொருள், போதிய அளவு அடிக்கடி என்று ஒரு பொருள், விதிக்கு அமைய என்று ஒரு பொருள் என மூன்றையும் எடுத்து ஆராய்ந்து, மூன்றாவதே இங்கு பொருந்தும் என்று நீதியரசர்கள் ஒருமுகமாக முடிவு செய்தார்கள்.

நமது 'ஒழுங்காக' என்ற சொல்லும் அவ்வாறே இரட்டைப் பொருள் தருவதைக் கவனியுங்கள். "அவன் ஒழுங்காக வாறவன்" என்றால் அடிக்கடி வருபவன். "ஒழுங்காக நட" என்றால் விதிப்படி நட. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம், ஒரு குடும்பத்தின் களியாட்டப் பயணத்தை முன்னிட்டு, ஒரு வினையடைக்குப் பொருள் கூறியிருக்கிறது. உரையாசிரியர் பரம்பரைக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அல்லவா? அந்தத் தந்தையின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. பாடசாலை விடுமுறை தொடங்கும் நாளிலேயே விமானமும் விடுதியும் விலையேறுகின்றன. வசதி படைத்தவனுக்கு அது பொருட்டல்ல. இல்லாதவன் விதியை மீறினால்தான் பிள்ளைக்கு அந்த உலகத்தைக் காட்டலாம் என்ற நிலை நேர்மையானதென்று நான் சொல்லமாட்டேன். இருந்தும், வருத்தம் என்று பொய் எழுதிக் கொடுக்கும் கடிதத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை மறுநாள் வகுப்பில் டிஸ்னிலாண்ட் பற்றி வாய் திறக்கவும் இயலாது. போனதன் நோக்கமே கெட்டுப்போகும்.

இதைத்தான் மருமகனுக்குச் சொன்னேன். மூன்று நாள் கழித்து மருமகளே வழி கண்டுபிடித்தார். அவர்கள் வாழும் பகுதியில் ஆரம்பப் பள்ளிகளுக்குப் புதன்கிழமை வகுப்பில்லை. 2017 க்குப் பின் பிரான்சின் பெரும்பாலான ஊர்கள் வாரத்துக்கு நான்கு நாள் பள்ளி என்ற முறைக்குத் திரும்பிவிட்டன. புதனன்று உள்ளூர்க் குடும்பங்கள் வருவதால் செவ்வாயைவிடச் சனம் கூடும். ஆயினும் ஜனவரிப் புதன் ஜனவரிப் புதன்தான். மருமகன் சமையலறைத் தோழர் ஒருவரோடு அந்த ஒரு கிழமைக்கு ஓய்வுநாளை மாற்றிக்கொண்டார். விடயம் தீர்ந்தது.

மலைபடுகடாம் 583 அடிகள் கொண்ட பாட்டு. அதிலே பெருங்கௌசிகனார் நன்னனின் பெருமையைச் சொல்வதற்குமுன் வழியின் இடர்களையே விரிவாகச் சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறி, குழிகளில் கிடக்கும் பாம்பு, யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல். ஒரு வள்ளலைப் பாட வந்தவர் ஏன் இவ்வளவு இடரைப் பாட வேண்டும் என்று மாணவர் கேட்பர். கூத்தர் தனியே போகவில்லை, குடும்பத்தோடு போகிறார்கள். அதுதான் காரணம். பிள்ளை குட்டியோடு போகிறவனுக்குப் பெருமையைவிடப் பொறி எங்கே என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

இந்தப் பூங்காவிலும் பொறிகள் உண்டு. முதலாவது உயரம். செம்பாறை மலையைச் சுற்றி ஓடும் சுரங்க ரயிலில் ஏற 1 மீற்றர் 2 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். விண்வெளி மலைக்கு 1 மீற்றர் 20. இண்டியானா ஜோன்ஸ் பெயரிலுள்ள தலைகீழ் வண்டிக்கு 1 மீற்றர் 40. வாசலிலே அளவுகோல் நிற்கும். அரைமணி வரிசையில் நின்று, அளவுகோலடியில் வைத்துத் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் அழுகையை எந்த மாளிகையாலும் ஆற்ற இயலாது. ஆகவே வீட்டுக் கதவு நிலையில் பிள்ளையை நிறுத்தி அளக்கச் சொன்னேன். 1 மீற்றர் 15. நம் ஊர் வீடுகளில் வருடப்பிறப்புக்கு வருடப்பிறப்பு சுவரில் கோடு கீறுவோமே, அது போல மருமகள் பென்சிலால் மூன்று கோடு கீறி, "இது சுரங்க ரயில், இது விண்வெளி, இது இண்டியானா ஜோன்ஸ்" என்று எழுதிவிட்டார். முதற்கோட்டைத் தாண்டிவிட்ட பெருமையில் பிள்ளை மற்ற இரண்டையும் பற்றிக் கவலைப்படவில்லை. வீட்டிலேயே இல்லை என்று சொல்லிவிட்டால் இல்லாமை பெரிதாகத் தெரிவதில்லை.

இரண்டாவது பொறி, பூட்டு. சனம் குறைந்த காலத்திலேதான் விளையாட்டுகளைப் பூட்டித் திருத்துவார்கள். கடற்கொள்ளையர் படகுச்சவாரி 2017 ஜனவரியில் பூட்டி ஜூலையில் திறக்கப்பட்டது. பேய்மாளிகை 2018 ஜனவரியில் பூட்டி 2019 மே மாதத்திலேதான் திறந்தது. இரண்டும் ஜனவரியில் தொடங்கியதைக் கவனிக்க. பூட்டப்படும் விளையாட்டுகளின் பட்டியலைப் பூங்கா நிறுவனம் முன்கூட்டியே வெளியிடுகிறது. பிள்ளை எதன்மேல் ஆசை வைத்திருக்கிறதோ அது அப்பட்டியலில் உண்டா என்று பார்த்த பின்புதான் சீட்டு வாங்க வேண்டும். மலிவு என்று முதலில் வாங்கிவிட்டுப் பின்னர் பட்டியலைப் பார்ப்பது, நெல்லை விற்றுவிட்டு விலை கேட்பது போலாகும்.

மூன்றாவது, குளிரும் இருளும். ஜனவரியில் பாரிஸில் காலை எட்டரை மணிக்குப் பின்னரே விடியும். மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். கோடைகாலத்தோடு ஒப்பிட்டால் பூங்கா மூடும் நேரமும் முந்தும். ஒரு நாளின் விலை குறைவென்றால் அந்த நாளின் நீளமும் குறைவு. இதில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே இருட்டப் பத்து மணியாகும். மாளிகைமேல் நடக்கும் ஒளிக்காட்சியைக் காணும்முன் சிறுபிள்ளை தோளில் தூங்கிவிடும். ஜனவரியில் கண் விழித்திருக்கும் நேரத்திலேயே அது நடந்துவிடுகிறது. மழைக்கும் ஒரு வழி உண்டு. பாரிஸின் காலநிலையை மனதிற்கொண்டு, முதல் நிலத்தின் கடைத்தெருவுக்கு இருபுறமும் கூரைபோட்ட நடைபாதைகள் கட்டியிருக்கிறார்கள். கையுறை பிள்ளைக்கு இரண்டு சோடி வேண்டும். ஒன்று நிச்சயம் நனையும்.

பாம்பைச் சொன்ன புலவர் வழியில் நானும் ஒன்று சொல்ல வேண்டும். தூங்கும் அழகியின் மாளிகைக்கு அடியில் குகையொன்றில் டிராகன் ஒன்று சங்கிலியோடு கிடக்கிறது. இயந்திரந்தான். ஆனால் தலையைத் தூக்கும், உறுமும், புகை விடும். இரண்டரை வயதுப் பிள்ளையை முன்னறிவிப்பின்றி அங்கே கொண்டுபோவது நல்லதன்று.

உணவுக்கு வருவோம். சிறுபாணாற்றுப்படையிலே நத்தத்தனார் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் என்று ஊருக்கு ஊர் விருந்து வைத்துக்கொண்டே போகிறார். அங்கே கேட்டாலும் கேளாவிட்டாலும் கிடைக்கும். இங்கே ஒரு குடும்பம் நண்பகலில் அமர்ந்து உண்டால் இன்னொரு நுழைவுச்சீட்டுக்குக் கிட்டச் செலவாகும். அக்கா சைவம். ஆனால் வீட்டிலிருந்து சிறு அளவில் உணவு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் போத்தலும் மதுவும் பெரிய குளிர்பெட்டிகளும் ஆகாது. புளிச்சாதத்துக்கும் உருளைக்கிழங்கு ரொட்டிக்கும் தடையில்லை என்றதும் அக்காவுக்கு அந்தப் பயணத்தில் முதன்முதலாக ஆர்வம் பிறந்தது. முந்தைய இரவு பத்து மணிக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாராம்.

அக்காவுக்கு முழங்கால் வருத்தம். ஐந்து நிலத்தையும் நடந்து பார்ப்பது அவரால் ஆகாது. பூங்காவைச் சுற்றி நீராவி ரயிலொன்று ஓடுகிறது. ஏறி அமர்ந்தால் நிலமெல்லாம் தானே வரும். உலகத்து மக்களைப் பொம்மைகளாக்கி ஒரே பாட்டைப் பாடவைத்த படகுச்சவாரியும் உண்டு. அது 1964 ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சிக்காக முதலில் அமைக்கப்பட்டது. அதற்கு உயரக் கட்டுப்பாடு இல்லை; வயதுக் கட்டுப்பாடும் இல்லை. ஐந்து பேரும் சேர்ந்து ஏறக்கூடியவை எவை, இருவர் மட்டும் ஏறக்கூடியவை எவை என்று மருமகன் தாளில் இரண்டாகப் பிரித்து எழுதினார். டிஸ்னி வாங்கிலிருந்து எண்ணியது இதைத்தானே? சின்னவன் ஏற முடியாதவற்றிலே தாயும் தந்தையும் மாறிமாறி ஏறலாம். ஒருவர் இறங்கிவந்து பிள்ளையை வாங்கிக்கொள்ள, மற்றவர் முழு வரிசையிலும் மீண்டும் நில்லாமல் உள்ளே போக அங்கே ஒழுங்குண்டு. கேட்டால்தான் கொடுப்பார்கள்.

வழியும் எளிது. பாரிஸ் நடுவிலிருந்து ஆர்.ஈ.ஆர். ஏ பாதையில் கடைசித் தரிப்புவரை போனால் மார்ன்-லா-வலே ஷெசி நிலையம். இறங்கினால் சில நிமிட நடையில் வாயில். லா சப்பலில் நமது கடைகளுக்கு வந்து பழகியவர்கள், கார் து நோர் நிலையத்திலிருந்து ஷாத்லேக்குப் போய் அங்கே மாறிக்கொள்ளலாம். அந்தப் பாதையிலே அதே பெயரில் முடியாத இன்னொரு கிளையும் உண்டு. வண்டியின் பலகையில் நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏறுவது முக்கியம். வாயில் திறக்கும்முன் போய்விட வேண்டும் என்று சொன்னேன். சனம் குறைந்த நாளிலும் பீற்றர் பான் படகுக்கு வரிசை நீளும். முதல் மணித்தியாலத்தில் அதை முடித்தால் பகல் முழுவதும் நிம்மதி.

இவ்வளவும் சொல்கிற நான் அங்கே போனதில்லை. ஆனால் நத்தத்தனாரும் பெருங்கௌசிகனாரும் பாணனாகவோ கூத்தனாகவோ அந்த வழியில் நடக்கவில்லை. நடந்தவன் வாயிலே தம் சொல்லை வைத்தார்கள். மருமகன் கேட்டறிந்து சொன்னவற்றையும் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்தே அந்தத் தாள் உருவாயிற்று.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் விடைபெறும் பொருநனைத் தேரிலேற்றி, ஏழடி பின்னே நடந்து வழியனுப்புகிறான். டிஸ்னிலாண்டிலே விடைபெறும் வழி கடைகளுக்கு நடுவேதான் போகிறது. நுழைந்த கடைத்தெருவாலேதான் வெளியேற வேண்டும். களைத்த பிள்ளை, ஒளிவீசும் கண்ணாடி, உள்ளே மிக்கி எலியின் காது. வள்ளல் இங்கே வழியனுப்பும்போதும் வாங்கிக்கொள்கிறான். இதையும் முன்கூட்டியே பேசியிருந்தார்கள். மகளின் கையில் காலையிலேயே 15 யூரோ கொடுத்து, இது உன்னுடையது, எப்போது வேண்டுமானாலும் செலவழி, முடிந்தால் முடிந்தது என்று சொல்லியிருந்தார்கள். அவள் நாள் முழுவதும் அதைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்து, கடைசியில் ஒரு பென்சிலும் ஒரு சிறு சாவிவளையமும் வாங்கினாளாம். பென்சில் வகுப்புக்கு. சாவிவளையம் யாழ்ப்பாணத்து மாமாத் தாத்தாவுக்கு என்று தொலைபேசியில் சொன்னாள். அது இன்னும் வந்து சேரவில்லை.

மழை பெய்ததாம். சுரங்க ரயிலில் தகப்பனும் மகளும் மூன்று தடவை ஏறினார்களாம். மூன்றாம் தடவை வரிசையே இருக்கவில்லையாம். அக்கா நீராவி ரயிலில் இரண்டு சுற்றுப் போனார். "மதிலைப் பிறகு கட்டுவம்" என்று என்னிடம் சொன்னார். சின்னவனுக்கு டிராகனைக் காட்டவில்லை.

ஓய்வுநாளை மாற்றிக் கொடுத்த சமையலறைத் தோழர் வங்காள தேசத்தவர். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். மருமகன் தம்முடைய தாளை அவருக்குப் பிரெஞ்சிலே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் ஓரத்தில் தம் அனுபவத்தால் சில திருத்தங்களும் சேர்த்தாராம். கையுறை இரண்டு சோடி போதாது, மூன்று என்பது அவற்றில் ஒன்று.